கொழும்புக்குப் போன தோணிக்காரர்



நவம்பர் மாதம் நெருங்கினால் பங்குக் குருவின் மேசைமேல் பெயர்ப் பட்டியல்கள் குவியத் தொடங்கும். இறந்தோரின் பெயர்களைத் தாளில் எழுதி, பூசைப் பணத்தை அதற்குள் மடித்து வைத்துக் கொடுப்பது நம் கடற்கரை ஊர்களின் வழக்கம். பாட்டன், பாட்டி, பூட்டன், பூட்டி எனத் தலைமுறை வாரியாக எழுதுவோர் உண்டு. எல்லாப் பெயர்களும் தீர்ந்தபின், 'நினைப்பார் இல்லாத ஆத்துமாக்களுக்கும்' என்று கடைசி வரியில் சேர்ப்போரும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மூதாட்டி கொண்டுவந்து தந்த தாளில் ஒரு பெயர் எழுதப்பட்டு, பின் அடிக்கப்பட்டு, அதன் மேலேயே மீண்டும் எழுதப்பட்டிருந்தது.

"இது யார், அம்மா?" என்று வினவினோம்.

"என் பாட்டனார், சாமி. கொழும்புக்குப் போனவர். திரும்பி வரவில்லை. அவர் பெயருக்குப் பூசை வைக்கக் கூடாது என்று பாட்டி சொல்லியிருந்தாள். இந்தப் பையன்தான் விடமாட்டேன் என்கிறான்" என்றார்.

பையன் என்று அவர் சுட்டியது தம் பேரனை. வயது முப்பதை நெருங்கிய அவர் சரக்குக் கப்பலொன்றில் பொறியாளர், விடுமுறையில் வந்திருந்தார். தம் குடும்பத்தில் தமக்கு முன் கடலோடியவர் எவரேனும் உண்டா என்று அவர் கேட்கப்போக, வீட்டில் எவரும் வாய் திறக்கவில்லையாம். அந்த மௌனமே அவரைத் தூண்டிவிட்டது. "அவர் கல்லறை எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும், சாமி. ஒரு கல்லாவது நட வேண்டும்" என்றார்.

குடும்பத்தில் வழங்கிவந்த கதை இது. 1918ஆம் ஆண்டு தூத்துக்குடிப் பனிமய மாதா திருநாளுக்குக் கொடியேறி இறங்கிய சில நாள்களில், அம்மனிதர் சரக்குத் தோணியொன்றில் கொழும்புக்குப் பாயேறினார். வீட்டில் மூன்று ஆண்டுகளுக்கு முன் மணந்த மனைவி. அவர் அப்போது கர்ப்பவதி. தோணி திரும்பியது, அவர் திரும்பவில்லை. தோணி உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் தொடர்பாகச் சச்சரவு என்றும், துறைமுகத்தில் கூலி வேலைக்கு நின்றுவிட்டார் என்றும் உடன் சென்றவர்கள் சொன்னார்கள். பின்னர் யாரோ ஒருவர், கொழும்பில் அவருக்கு வேறொரு குடும்பம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். யார் சொன்னார், எதைக் கண்டு சொன்னார் என்பது எவருக்கும் நினைவில்லை. சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

பிறந்த ஆண் குழந்தை 'கொழும்பான் மகன்' என்ற பட்டப்பெயரோடு வளர்ந்தான். அவனே நம்மிடம் வந்த மூதாட்டியின் தந்தை. மாலை செபத்தில் இறந்தோர் பெயர்களைச் சொல்லும்போது அந்தப் பெயரைச் சொல்லப் பாட்டி இடங்கொடுத்ததில்லை. இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத நிலையில் அவர் கைம்பெண்ணும் அல்லர், கணவனை உடையவரும் அல்லர். நாற்பத்துமூன்று ஆண்டுகள் அவ்வாறு வாழ்ந்து 1961இல் கண்மூடினார். தம் கல்லறையில் தம் தகப்பனார் பெயரை மட்டும் வெட்ட வேண்டும், கணவர் பெயர் வரக் கூடாது என்பது அவருடைய கடைசிக் கட்டளை. அக்கல் இன்றும் நம் கல்லறைத் தோட்டத்தின் தென்புறச் சுவரருகே அப்படியே இருக்கிறது.

தோணித் தொழிலை அறியாத உள்நாட்டு வாசகர்களுக்கு ஒரு சொல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஏறத்தாழ 150 கடல்மைல். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி திறக்கப்படும் வரை இலங்கை செல்லும் பயணிகளும் தபாலும் தூத்துக்குடியிலிருந்தே நீராவிக் கப்பலில் சென்றனர். அதன்பின் பயணிகள் அவ்வழியே திரும்பினாலும் சரக்குத் தோணிகள் நிற்கவில்லை. உப்பும் கருவாடும் வெங்காயமும் ஓடும் ஏற்றிக்கொண்டு, இயந்திரமின்றிக் காற்றை மட்டும் நம்பி அவை ஓடின. 1974இல் புதிய துறைமுகம் வரும் வரை, தொலைவில் நங்கூரமிட்ட பெருங்கப்பல்களுக்குக் கரையிலிருந்து சரக்கைக் கொண்டு சேர்த்தவையும் தோணிகளே. தண்டல் என்று அழைக்கப்பட்ட தலைவரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பாய் இழுத்த மனிதர்களின் பெயர்களை எழுதி வைத்தவர் எவர்? சரக்குக்குக் கணக்கு இருந்தது. மனிதர்களுக்கு இருந்தது கோயில் ஏடு ஒன்றுதான்.

இங்கே நாம் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். இக்குடும்பத்தார் நம்மிடம் வந்தது இது முதல் முறையன்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இதே பங்கில் நாம் உதவிக் குருவாக இருந்தபோது, இம்மூதாட்டியின் தமையனார் வந்து, "பாட்டனார் இறந்ததற்கு ஏதேனும் எழுத்து உண்டா, சாமி?" என்று கேட்டார். அன்று மாலை ஏதோ ஒரு சபைக் கூட்டம்; அவசரம். இறப்பு ஏட்டை எடுத்து, 1918 முதல் சில ஆண்டுகளைப் புரட்டி, அவர் சொன்ன பெயரைத் தேடி, "இல்லை, ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். பத்து நிமிடமும் ஆகியிராது. கொழும்பில் இறந்திருக்கக்கூடிய ஒருவரை நம் ஊர் அடக்க ஏட்டில் தேடியது எத்தகைய அறிவீனம் என்பது அப்போது உறைக்கவில்லை. குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றவர் செய்த வேலை அது. அந்தத் தமையனார் இன்று உயிரோடில்லை.

இம்முறை மூன்று நாள் கேட்டோம். அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஞானஸ்நான ஏடுகளை இறக்கினோம். பழைய மை இரும்புச் சத்துக் கலந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் துளை விழச் செய்யும். போதாக்குறைக்குச் செல்லும், கடற்காற்றின் ஈரமும். எனினும் நமக்கு வேண்டிய ஏடு பெருமளவு தப்பியிருந்தது.

குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் தேடும் முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் திருமணங்களை எழுதிவைக்கும்படி பங்குக் குருக்களுக்குக் கட்டளையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, குடும்பங்களின் நிலை ஆகியவற்றுக்கு ஏடுகள் எழுதும் முறையை வகுத்தது. இன்றைய 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 535ஆம் விதியும் பங்கு ஏடுகளைப் பற்றியதே. பழைய ஏடுகளையும் கவனத்தோடு பாதுகாக்க அது பணிக்கிறது. ஆகவே ஏடு இருக்கும். ஆனால் நீங்கள் அறிந்த பெயர் அதில் இராது.

ஏனெனில் எழுதியவர்கள் இலத்தீனில் எழுதினார்கள். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ். முடியப்பன் ஸ்தேபானுஸ். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். சூசை யோசேபுஸ் ஆவதையாவது ஊகிக்கலாம். முடியப்பனைத் தேடுகிறவர் ஸ்தேபானுஸைக் கண்டால் நின்று பார்ப்பாரா? நாம் தேடியவரின் பெயரும் இவ்வகையைச் சேர்ந்ததே. குடும்பப் பெயரைக் கொண்டு தேடலாம் என்றால், நம் கடற்கரையில் ஒரே ஊரில் நூறு வீடு பர்னாந்து. போதாததற்கு, பல பழைய ஏடுகளின் அட்டவணை குடும்பப் பெயர் வரிசையில் இல்லாமல் ஞானஸ்நானப் பெயர் வரிசையில் இருக்கும். எனவே தேட வருவோர், பெற்றோர் பெயர், ஞானத்தாய் தந்தையர் பெயர், மனைவியின் பெயர் ஆகியவற்றை எழுதிக்கொண்டு வாருங்கள். பூசை முடிந்து குருவானவர் காப்பி குடிக்கும் நேரத்தில் வராமல், முன்கூட்டியே ஒரு நாள் கேட்டு வாருங்கள்.

இன்னொன்று. 1908ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் முதல் நடைமுறைக்கு வந்த 'நே தேமெரே' என்ற உரோமைக் கட்டளை, ஒருவரின் திருமணத்தை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறித்துவைக்கச் சொன்னது. இதனால் ஞானஸ்நான ஏட்டின் ஓரம் மனிதனைப் பின்தொடர்ந்து செல்லும் இடமாயிற்று. நாம் இரண்டாம் நாள் மாலை கண்டெடுத்தது இந்த ஓரத்தைத்தான். பெற்றோர் பெயர் பொருந்தியது. ஓரத்தில் 1915ஆம் ஆண்டுத் திருமணம். மனைவியின் பெயர் பாட்டியின் பெயரே. அதற்குக் கீழே, வேறு மையில், பொடி எழுத்தில் இலத்தீன் வரி ஒன்று. தமிழில் சொன்னால்: கொழும்பில் இறந்தான், அக்டோபர் 1918, கடிதத்தின்படி.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மீண்டும் படித்தோம். ஊரைவிட்டுச் சென்ற மூன்றாம் மாதம் முடிவதற்குள் அம்மனிதர் இறந்திருக்கிறார். செய்தி கடிதமாக இந்தப் பங்கு இல்லத்துக்கு வந்திருக்கிறது. யாரோ ஒரு குருவானவர் அதைக் கடமை தவறாமல் ஏட்டில் குறித்திருக்கிறார். அவருடைய மனைவி வாழ்ந்த வீடு இவ்விடத்திலிருந்து இருநூறு அடி தொலைவு. நாற்பத்துமூன்று ஆண்டுகள் அவர் ஒவ்வொரு ஞாயிறும் இந்த அலமாரியைக் கடந்துதான் பூசைக்குச் சென்றிருப்பார்.

ஏன் சொல்லவில்லை? கோபத்தோடுதான் இறப்பு ஏட்டை எடுத்தோம். 1918 அக்டோபரைப் புரட்டியதும் கோபம் தணிந்தது. அது விஷக்காய்ச்சலின் ஆண்டு. போர்க்காலக் கப்பல்களோடு துறைமுகங்களுக்கு வந்து இறங்கிய அந்நோய், இந்திய நாட்டில் மட்டும் ஒரு கோடிக்கும் மேலான உயிர்களை வாரிக்கொண்டது. வழக்கமாக ஒரு பக்கம் நிரம்ப இரண்டு மூன்று மாதம் ஆகும் நம் ஏட்டில், பக்கத்துக்குப் பக்கம் அதே மாதம். தொடக்கத்தில் நோய், வயது, தேவதிரவிய அனுமானங்கள் எல்லாம் முறையாக எழுதப்பட்டுள்ளன. பின்னர் பெயரும் நாளும் மட்டுமே. நவம்பர் நடுவில் கையெழுத்தே மாறிவிடுகிறது. பழைய எழுத்து அதன்பின் திரும்பவில்லை. கடிதத்தைப் பெற்றவர் அதை ஏட்டில் குறித்த கையோடு அடுத்த அவஸ்தைக்கு ஓடியிருக்கலாம். பிறகு சொல்லலாம் என்று எண்ணியிருக்கலாம். அந்தப் 'பிறகு' அவருக்குக் கிட்டவில்லை போலும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நமக்கு எந்தக் காய்ச்சலும் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறோம்.

கொழும்புப் பங்கு ஒன்றுக்கு விவரம் கேட்டு எழுதினோம். அங்குள்ள குருவானவர் பொறுமையோடு தேடி, பதிவின் நகலை அனுப்பி உதவினார். பெயர், தகப்பனார் பெயர், வயது 27, தூத்துக்குடிப் பகுதியினர், தொழில் மாலுமி, மருத்துவமனையில் இறந்தார், பாவசங்கீர்த்தனமும் அவஸ்தைப்பூசுதலும் பெற்றார், மறுநாள் பொது மயானத்தில் அடக்கம். மனைவியின் பெயரும் அதில் இருந்தது, சிறிதும் பிழையின்றி. மரணப் படுக்கையில் கிடந்தவர் சொல்லாமல் அதை அந்தக் குரு எழுதியிருக்க முடியாது. வேறொரு பெண்ணின் பெயர் அதில் எங்கும் இல்லை.

பேரனின் கப்பல் பின்னர் கொழும்பில் நின்றபோது அவர் அந்த மயானத்துக்குச் சென்றார். முன்னதாகக் கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்தில் ஒரு மெழுகுதிரி ஏற்றினாராம். பழைய கடலோடிகள் கரையேறியதும் செய்தது இதுதானே என்று எழுதியிருந்தார். மயானத்தில் அவருக்குக் காட்டப்பட்டது ஒரு நிலப்பரப்பு மட்டுமே. குழி எண் எதுவும் பதிவில் இல்லை. ஏழைகளின் பகுதியில் குழிகள் மேல் குழிகள் தோண்டப்படுவது எங்கும் உள்ளதே. மரச் சிலுவை இருந்திருந்தாலும் சில மழைக்காலங்களுக்கு மேல் நின்றிராது. "எந்த இடத்தில் முழந்தாளிடுவது என்றே தெரியவில்லை, சாமி. அதனால் நடந்துகொண்டே ஜெபமாலை சொன்னேன்" என்று எழுதினார். அந்தக் கடிதத்தை நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

கல்லறை தெரியாமற்போவது இழிவன்று என்று மூதாட்டிக்கு ஆறுதல் கூற முயன்றோம். மோயீசனின் கல்லறையை ஒருவரும் அறியார் என்று வேதாகமமே கூறுகிறது. நம் கரையிலேயே, 1549இல் வேதாளையில் கொல்லப்பட்ட அந்தோணி கிரிமினாலி அடிகளார் இயேசு சபையின் முதல் வேதசாட்சி. அவர் அடங்கிய இடத்தை இன்று யாரும் சுட்டிக்காட்ட இயலாது. இவற்றையெல்லாம் சொன்னோம். மூதாட்டி தலையசைத்துக் கேட்டார். அவருடைய கவலை கல்லறையைப் பற்றியது அன்று.

"நூறு ஆண்டு ஒரு பூசைகூட இல்லாமல் கிடந்தாரே, சாமி."

அதற்கும் நம்மிடம் விடை இருந்தது. முதல் உலகப்போரில் மடிந்தோரை எண்ணி, பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1915இல் ஒவ்வொரு குருவும் சகல ஆத்துமாக்கள் நாளில் மூன்று பூசை செய்ய அனுமதி தந்தார். அவற்றுள் ஒன்று இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும். ஆகவே அவர் இறந்து சில வாரங்களில் வந்த நவம்பர் 2 முதற்கொண்டு, ஆண்டுதோறும், உலகம் முழுவதிலும் அவருக்காகவும் பூசை நடந்தே இருக்கிறது என்றோம்.

மூதாட்டி சற்று யோசித்தார். "அது பொதுப் பூசை. பெயர் சொல்லி வைக்கிற பூசை வேறு, சாமி" என்றார்.

இறையியலின்படி இதற்கு மறுமொழி உண்டு. நாம் அதைச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லிப் பூசை வைத்தோம். முப்பது நாள் தொடர்பூசையாகவே வைத்தோம். அதற்குப் பணம் வாங்கவில்லை. வாங்கும் யோக்கியதை நமக்கு இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கும். இங்கிதம் உடையவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

எஞ்சியது கல் பற்றிய பேச்சு. கொழும்பில் நட இடமில்லை. ஆதலால் பாட்டியின் கல்லறைக் கல்லிலேயே கணவர் பெயரை வெட்டிவிடலாம், கொழும்பில் இறந்த நாளையும் குறிக்கலாம் என்றார் பேரன். நமக்கும் அது சரியாகவே பட்டது. பாட்டி அக்கட்டளையிட்டது பொய்யான செய்தியை நம்பி அன்றோ? உண்மை தெரிந்தபின் அக்கட்டளை நிற்குமா? கொத்தனுக்குச் சொல்லியனுப்பவும் ஏற்பாடாயிற்று. மூதாட்டிதான் தடுத்தார்.

"அவளிடம் சொல்லாமல் எப்படி வெட்டுவது?"

கல்லறைகள் மந்திரிக்கும் நாளில், மாலை நான்கு மணிக்கு, தீர்த்தத்தோடு தென்சுவர்ப் பக்கம் நாம் வந்தபோது அவர்கள் குடும்பமாகக் காத்திருந்தார்கள். கல்லுக்குப் புதிதாக வெள்ளை அடித்து, சாமந்தி மாலை சாத்தி, மெழுகுதிரிகளைக் காற்றுக்கு மறைத்து வைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பதிவையும், நம் ஏட்டின் ஓர வரியையும் தமிழில் பெயர்த்து எழுதித் தரும்படி மூதாட்டி முன்னரே கேட்டிருந்தார், கொடுத்திருந்தோம். செபம் முடிந்ததும் மடியிலிருந்து அதை எடுத்துப் பேரனிடம் தந்தார். பிறகு என்ன நினைத்தாரோ, திரும்ப வாங்கிக்கொண்டார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கல்லுக்கு அருகில் குனிந்து, காது மந்தமானவர்களிடம் பேசுவதுபோல் உரக்க, ஒவ்வொரு சொல்லாகத் தாமே படித்தார். பெயர். தகப்பனார் பெயர். வயது 27. மாலுமி. கடைசித் தேவதிரவிய அனுமானங்கள் பெற்றார். மனைவியின் பெயர் வந்த இடத்தில் இரண்டு முறை படித்தார்.

நாம் அடுத்த கல்லறைக்கு நகர வேண்டியிருந்தது. பின்னால் வரிசை நீண்டிருந்தது. எனினும் முடியும் வரை நின்றோம். அவர் தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டு, "சொல்லிவிட்டேன், சாமி. கொஞ்ச நாள் போகட்டும்" என்றார்.

கல்லில் இன்னும் பெயர் வெட்டப்படவில்லை. இவ்வாண்டு அவர் கொண்டுவந்த தாளில் அப்பெயர் முதலாவதாக இருந்தது, அடித்தல் திருத்தல் இன்றி.